முன்மாடல் கோலத்தில் வரும் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு ஒதுக்குங்கள்

பழைய மோட்டார்சைக்கிள் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், கண்காட்சிகளில் மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் நுழைவுப் படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறது. கம்பெனி கேட்கிறீர்கள், மாடல் கேட்கிறீர்கள், ஆண்டு கேட்கிறீர்கள். எந்த ஆண்டு? எஞ்சினில் அடித்திருக்கும் எண் காட்டும் ஆண்டா, டேங்க்கும் பெயின்ட்டும் காட்டும் ஆண்டா? இந்த இரண்டும் ஒத்துப்போகாத வண்டிகள் ஏராளமாக இருக்கின்றன. எழுபதுகளின் ட்ரையம்ஃப் டி140, அறுபதுகளின் டி120 போன்னவில் கோலத்தில் வந்து நிற்கிறது. பிஎஸ்ஏ கம்பெனியின் சாதாரண பி33, அதே கம்பெனியின் பெயர்பெற்ற வேக மாடலான கோல்டு ஸ்டார் ஆகிவிடுகிறது. சோவியத் எம்-72, சைடுகார் சகிதம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் ராணுவ பிஎம்டபிள்யூவாக அணிவகுக்கிறது. இவற்றுக்கு உங்கள் படிவத்தில் இடமில்லை. ஆகவே உரிமையாளர் தோற்றத்தின் ஆண்டை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். மனச்சாட்சி உறுத்துகிறவர் வண்டியைக் கொண்டுவருவதே இல்லை. உண்மை பேசுகிறவர் வெளியே, பேசாதவர் உள்ளே என்றாகிவிட்டது.

முன்மாடல் தோற்றத்துக்கு மாற்றிய வண்டிகளுக்கென ஒரு தனிப் பிரிவு தொடங்குங்கள். அதில் சேர, வண்டியின் முழு உண்மையையும் சொல்லும் ஓர் அட்டையைக் கட்டாயமாக்குங்கள். இதுதான் என் கோரிக்கை. பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டுவதையே வேலையாகக் கொண்டவன் நான். அசல் வண்டியும் செய்கிறேன், கோலம் மாற்றியும் செய்கிறேன். இரு பக்கமும் நின்று பார்த்ததால் இதை எழுதத் துணிகிறேன்.

கோலம் மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற பேச்சு நம்மிடையே வெகு சுலபமாக எழுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி இல்லை. சிறு வயதில் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து போன வண்டியைப் போல ஒன்று வேண்டும் என்பார்கள். அந்த மாடல் இன்று கண்ணில் படுவதே அபூர்வம். கிடைத்தாலும் விலை எட்டாது. அதே வம்சத்தில் பத்து ஆண்டு கழித்து வந்த வண்டியோ கிடைக்கிறது, உதிரிப்பாகமும் கிடைக்கிறது. எஞ்சினின் அடிப்படை அமைப்பு அநேகமாக அதேதான். ராயல் என்ஃபீல்டு புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1949ல் வந்த அந்த 350 சிசி வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் ஓடியது. முன்விளக்கையும் ஃபோர்க் தலையையும் சேர்த்து மூடும் காஸ்கெட் 1954 மாடலில்தான் வந்தது. பின்னாளில் வந்த புல்லட் ஒன்றில் காஸ்கெட்டைக் கழற்றித் தனி ஹெட்லைட் மாட்டி, அந்தத் தொடக்க காலத்து முகத்தைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கொண்டுவந்துவிட்டு, இது 1951 என்று படிவத்தில் எழுதும்போதுதான் வருகிறது.

இந்த வேலைக்குள் இருக்கும் அறிவும் சாதாரணமல்ல. டி140ஐ 1968 டி120 போல ஆக்கப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ஃபிரேம். 1971 முதல் ட்ரையம்ஃப் 650 வண்டிகளில் எஞ்சின் ஆயில், டேங்க்குக்குக் கீழே ஓடும் தடித்த முதுகுக் குழாய்க்குள் போய்விட்டது. அடுத்து வந்த டி140ம் அப்படியே. அதற்கு முன் சீட்டுக்குக் கீழே வலப்பக்கம் தனி ஆயில் டேங்க் இருந்தது. ஆகவே அந்த இடத்தில் வெறும் கூடு ஒன்றை மாட்டுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. வண்டி நல்ல தூரம் ஓடி வந்து நின்றதும் அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள். நிஜ ஆயில் டேங்க் சுடும், கூடு சுடாது. பிறகு சிலிண்டர் ஹெட். 1963 முதல் வந்த 650 சிசி எஞ்சினில் அதைப் பிடித்திருப்பவை ஒன்பது போல்ட்டுகள், 750 சிசியில் பத்து. கியர் லீவர் அசல் டி120ல் வலக்காலுக்கு இருந்தது. எழுபதுகளின் நடுவில், அமெரிக்க விதிகளுக்கு இணங்க இடக்காலுக்கு மாறிவிட்டது. டேங்க்கின் பக்கவாட்டு பேட்ஜைக்கூடச் சரியாகப் பிடிக்க வேண்டும்: மவுத் ஆர்கன் என்று எல்லாரும் சொல்லும் பேட்ஜ் 1965 வரைதான், 1966ல் புருவம் போல வளைந்த பேட்ஜ் வந்தது. நட்டு போல்ட்டும் சாட்சி சொல்லும். அறுபதுகளின் கடைசியில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பழைய மரைகளை விட்டு யூஎன்எஃப் என்ற பொதுத்தர மரைக்கு நகர்ந்தன. ஸ்பேனரை வைத்த கையோடு பழைய ஆள் கண்டுபிடித்துவிடுவார்.

இவ்வளவையும் தேடித் தெரிந்துகொண்டு ஒரு வண்டியை நிறுத்தியிருக்கும் மனிதர், இன்று உங்கள் கண்காட்சியில் இந்த விஷயங்களைப் பற்றித்தான் வாய் திறக்க முடியாமல் நிற்கிறார். கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். தனிப் பிரிவு இருந்தால் அவரே வருகிறவர்களை அழைத்து, எது அசல், எது கூடு என்று தொட்டுக் காட்டுவார். அசல் வண்டியைப் படிக்க விரும்பும் புதியவருக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது.

பேசாமல் இருப்பதால் வரும் கெடுதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கண்காட்சியில் 1962 ஆர்69எஸ் என்ற அட்டையோடு ஒரு பிஎம்டபிள்யூ நின்றது. முன்னால் ஏர்ல்ஸ் ஃபோர்க், கறுப்பு பெயின்ட்டில் வெள்ளைக் கோடு, எல்லாம் நேர்த்தி. குனிந்து சிலிண்டரைப் பார்த்தேன். வால்வுகளை இயக்கும் கம்பிகள் ஓடும் புஷ்ராட் குழாய்கள் சிலிண்டருக்குக் கீழே போயின. 1969 இறுதியில் வந்த ‘பார் ஐந்து’ (/5) வரிசையில்தான் அந்தக் கம்பிகளைத் தள்ளும் கேம்ஷாஃப்ட் கிராங்க்குக்கு அடியில் இறங்கியது; அதனால் குழாய்களும் கீழே இறங்கின. ஆர்69எஸ்ஸில் அவை சிலிண்டருக்கு மேலே இருக்கும். பிற்கால எஞ்சினை ஏர்ல்ஸ் ஃபிரேமில் ஏற்றுவது உலகெங்கும் நடக்கும் வேலைதான். 12 வோல்ட்டும் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் கிடைக்கிறதே. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வண்டிக்கு முன்னால் ஓர் இளைஞர் முழங்காலிட்டு, டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு பிராக்கெட்டையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். தன்னிடம் ஓர் ஆர்69எஸ் ஃபிரேம் வெறுமையாகக் கிடப்பதாகவும், அதைச் சரியாக முடிக்க மாதிரி தேடுவதாகவும் சொன்னார். அட்டையை நம்பி அளவெடுக்கிறார். நான் குழாயைக் காட்டியதும் அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. அந்த வண்டிக்கு அன்று பரிசும் கிடைத்தது.

நடுவர்களே, நீங்கள் கோப்பை கொடுக்கும் வண்டி அடுத்தவருக்குச் சான்று ஆகிவிடுகிறது. கம்பெனியின் பழைய ஆவணங்கள் எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை; பரிசு பெற்ற வண்டியின் படத்தைப் பார்த்துத்தான் பலர் வேலை செய்கிறார்கள். ஒரு பொய்யான பிராக்கெட் பத்து வண்டிகளுக்குப் பரவி, பிறகு அதுதான் சரி என்று நடுவர்களே மதிப்பெண் போடும் நிலை வரும். அசலாகவே இருக்கும் பதினோராவது வண்டிக்கு அந்த பிராக்கெட் இல்லையென்று மதிப்பெண் குறையும்.

அடுத்து, வெட்டுவது. ஃபோர்க்கை மாற்றுவதும் ஃபிரேமை வெட்டுவதும் ஒன்றல்ல என்பதை உங்கள் விதிகள் சொல்ல வேண்டும். ஹார்லி-டேவிட்சனின் பேன்ஹெட் எஞ்சின் 1948ல் வந்தது. அந்த ஆண்டு அதோடு முன்னால் இருந்தது, ஸ்பிரிங் வெளியே தெரியும் ஸ்பிரிங்கர் ஃபோர்க். 1949ல் ஹைட்ரா-கிளைடு என்ற பெயரோடு ஹைட்ராலிக் ஃபோர்க் வந்துவிட்டது. 1958 டியூவோ-கிளைடில்தான் பின்னால், சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வந்தன. 1948ன் அந்தச் சேர்க்கைக்கு இருக்கும் மவுசால், பின்னாளில் வந்த பேன்ஹெட்டுகள் அந்தக் கோலத்துக்கு மாற்றப்படுகின்றன. 1955 வண்டியில் ஸ்பிரிங்கரை மாட்டியிருந்தால், என்றைக்கும் கழற்றிப் பழைய ஃபோர்க்கைத் திரும்ப மாட்டலாம். 1960 வண்டியின் ஸ்விங் ஆர்மை எடுத்து எறிந்து, ஃபிரேமின் பின்பாதியை கிரைண்டரால் அறுத்து, விறைப்பான பின்பகுதியை வெல்டிங் வைத்திருந்தால் அந்த வண்டி 1960ஆகவும் இல்லை, 1948ஆகவும் இல்லை. அறுத்த ஃபிரேமை எவ்வளவு அழகாக பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தாலும் தனிப் பிரிவில்கூட அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படி வெட்டித் தரச் சொல்லி வந்த வேலைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு பட்டறையில் அது நடந்துவிடும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். உங்கள் விதி மாறினால் அங்கேயும் நிற்கும்.

எண்களைத் தொடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் எண்ணையோ ஃபிரேம் எண்ணையோ அழித்துப் புதிதாக அடிப்பது பல நாடுகளில் குற்றம். எண்ணைத் தொட்ட வண்டிக்கு எந்தப் பிரிவிலும் இடம் கூடாது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது தெரியும். ட்ரையம்ஃப் கம்பெனி அறுபதுகளின் இறுதியிலிருந்து, எஞ்சின் எண் அடிக்கும் இடத்தில் தன் பெயரையே சின்னஞ்சிறு எழுத்தில் வரிவரியாகப் பின்னணியாகப் பதித்தது, தேய்த்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று. அங்கே எழுத்துகள் மழுங்கி எண் மட்டும் கூராக நின்றால் சந்தேகப்படுங்கள். ஹார்லியில் 1970க்கு முன் அடையாள எண் எஞ்சினில்தான், ஃபிரேமில் கிடையாது. ஆகவே ஓர் எஞ்சின் கேஸை வைத்துக்கொண்டு முழு வண்டிக்கும் ஆண்டு சொல்லும் பழக்கம் அங்கே அதிகம். பிஎஸ்ஏவில் வேறு வழி இருக்கிறது. கோல்டு ஸ்டார் ஃபிரேமில் வலப்பக்க அடிக்குழாய், பெரிய ஆயில் பம்ப்புக்கு வழிவிட்டு ஓரிடத்தில் நெளிந்திருக்கும். பி31, பி33 ஃபிரேம்களில் அந்த நெளிவு இல்லை. 1937ல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் பந்தய வீரர் வால் ஹேண்ட்லி மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஒரு சுற்று ஓட்டி வாங்கிய தங்க நட்சத்திர பேட்ஜிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் பெயரை டேங்க்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வண்டியின் அடியில் ஒரு டார்ச் அடித்துப் பார்க்க நடுவருக்கு அரை நிமிடம் போதும்.

ஆண்டுச் சான்று கொடுக்கும் சங்கங்களுக்கு ஒரு தனி வார்த்தை. 1946ல் தொடங்கிய பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், எத்தனையோ கம்பெனிகளின் ஆவணங்களைப் பாதுகாத்து வைத்து ஆண்டுச் சான்று தருகிறது. சன்பீம் கிளப் நடத்தும் பயனியர் ரன் என்ற பழைய வண்டி ஓட்டத்துக்கு 1914 முடிவதற்குள் தயாரான வண்டிகள்தான் வர முடியும். அங்கே ஓர் ஆண்டு முன்பின் என்பது வண்டியை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்ற கேள்வி. இப்படிப்பட்ட சான்று எண்ணையும் ஆவணத்தையும் வைத்துத்தான் எழுதப்பட வேண்டும். அதே தாளில், இப்போது வண்டி எந்த ஆண்டின் தோற்றத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள். நாளை வண்டி கைமாறும்போது அந்த ஒரு வரி வாங்குகிறவரைக் காப்பாற்றும். கோலம் மாற்றிய முதல் ஆள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. மூன்றாவது கைக்குப் போகும்போது சொல்ல வேண்டியது தொலைந்துபோகிறது. ஐந்தாவது கையில் இருப்பவர் தன்னுடையது அசல் என்று சத்தியமே செய்வார், அதுவும் நம்பிக்கையோடு.

நான் கேட்பது புதுமையான ஒன்றல்ல. 1966ல் தொடங்கிய ஃபிவா என்ற உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பு, 2012ல் டுரின் சாசனத்தை ஏற்றது. பழைய கட்டடங்களுக்காக 1964ல் வந்த வெனிஸ் சாசனத்தை ஒட்டி எழுதியது அது. மாற்றம் செய்ய வேண்டிவந்தால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி இருக்கட்டும், கழற்றிய முக்கியப் பாகங்களை வண்டியோடு வைத்திருங்கள், புதிதாகச் செய்த பாகம் புதிது என்று தெரியும்படி அழியாத குறி போடுங்கள் என்று அது சொல்கிறது. உங்களில் பல சங்கங்கள் அந்தச் சாசனத்தை மதிப்பவை. மேடையில் அதை எடுத்துச் சொல்கிறீர்கள். களத்தில் நிற்கும் வண்டிக்கு அதை வைத்து மதிப்பெண் போடுவதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. முன்மாடலுக்கு இரையாகும் பின்மாடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பி31ம் பி33ம் கோல்டு ஸ்டாருக்காகக் கோலம் இழக்கின்றன. இரட்டை சிலிண்டர் ஏ10, 1962, 1963 இரண்டு ஆண்டு மட்டுமே வந்த ராக்கெட் கோல்டு ஸ்டாராக வேஷம் போடுகிறது. 1973ல் பிறந்த டி140 அறுபதுகளுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. அந்த டி140ல் ஒரு கம்பெனி மூச்சு முட்டும் நிலையில் எப்படிப் போராடியது என்பதெல்லாம் எழுதியிருக்கிறது: முதல் டிஸ்க் பிரேக், ஆயில் சுமக்கும் ஃபிரேம், இடம் மாறிய கியர் லீவர். ட்ரையம்ஃப்பின் மெரிடன் தொழிற்சாலை 1983ல் மூடியது. அதன் கடைசிப் பத்தாண்டின் சாட்சிகள் இந்த வண்டிகள்தான். எம்-72ஐயும் அப்படித்தான் பார்க்கிறேன். பிஎம்டபிள்யூ ஆர்71ன் சோவியத் நகல் அது. அதற்கு ஜெர்மன் நிறம் அடித்து ஆர்75 என்று நிறுத்துகிறார்கள். ஆர்75ல் வால்வுகள் சிலிண்டர் ஹெட்டில், சைடுகார் சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும், ரிவர்ஸ் கியர் உண்டு, பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. எம்-72ல் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் (சைடு வால்வு), பின்னால் பிளஞ்சர் என்ற வகை சஸ்பென்ஷன். வேஷம் பொருந்தாததோடு, அதே போரில் எதிர்த்தரப்பில் ஓடிய வண்டியின் சொந்தக் கதையும் துடைத்துப் போடப்படுகிறது. எந்த மாடலாக வெளிவந்ததோ அந்த மாடலாகவே பராமரிக்கப்படும் பின்மாடல்களுக்கும் உங்கள் பரிசுப் பட்டியலில் இடம் கொடுங்கள். யாரும் மதிக்காததால்தான் அவற்றைப் பிரித்துப்போடக் கை கூசுவதில்லை.

தனிப் பிரிவு வைத்தால் போலிக்கு மரியாதை கொடுத்தது போலாகும் என்று உங்களில் மூத்தவர்கள் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனால் இன்று அந்த வண்டிகள் அசல் வரிசையில் நின்று, அசல் வண்டியின் பரிசை வாங்கிக்கொண்டு போகின்றன. சொல்லிவிட்டு வருவதற்கு ஒரு கதவு திறந்தால், அதற்குப் பிறகும் சொல்லாமல் அசல் வரிசைக்குள் நுழைகிறவரை நீங்கள் தயங்காமல் வெளியேற்றலாம். இன்று அதற்கு உங்களுக்கு நியாயம் போதாது. அவர் போக வேறு இடமே இல்லையே.

பாதுகாப்பையும் மறந்துவிடாதீர்கள். பின்னோக்கி மாற்றும்போது டிஸ்க் பிரேக் போய் டிரம் வருகிறது, 12 வோல்ட் போய் மங்கலான விளக்கு வருகிறது. 750 சிசி எஞ்சினின் வேகத்தை 650 சிசி காலத்து டிரம் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஊர்வலத்தில் ஓட்டப்போகும் வண்டி என்றால் பிரேக்கைச் சோதித்த பிறகே வரிசையில் விடுங்கள். விளக்குக் கூட்டுக்குள் மறைவாக 12 வோல்ட் பல்பு வைத்திருப்பவருக்கு அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். அட்டையில் எழுதியிருந்தால் போதும்.

மதிப்பெண் எதற்கு என்பதில் என் கருத்து: தேர்ந்தெடுத்த ஆண்டுக்குத் தோற்றம் எவ்வளவு பொருந்துகிறது, வேலையின் நேர்த்தி எப்படி, பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா, கழற்றிய பாகங்கள் பத்திரமாக இருக்கின்றனவா. பாகங்களைப் படமாகவாவது காட்டச் சொல்லுங்கள். அட்டையில் மறைத்தது ஒன்று வெளிப்பட்டால் பரிசு ரத்து.

அட்டை எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி எழுதித் தருகிறேன். அடுத்த பருவத்துக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் உங்கள் கமிட்டியில் வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

எண்ணின்படி வண்டி: ட்ரையம்ஃப் டி140, 1974.
இப்போதைய தோற்றம்: டி120 போன்னவில், 1968.
மாற்றியவை: முன் ஃபோர்க், முன்சக்கரம், டிரம் பிரேக், ஹெட்லைட், சீட், மட்கார்டு, சைலன்சர்.
புதிதாகச் செய்தவை: பெட்ரோல் டேங்க், ஆயில் டேங்க் கூடு (ஆயில் ஃபிரேமுக்குள்ளேயே உள்ளது).
மாற்றாமல் விட்டவை: எஞ்சின், பத்து போல்ட் சிலிண்டர் ஹெட், ஃபிரேம், 12 வோல்ட் வயரிங்.
வெட்டியது, வெல்டிங் வைத்தது: எதுவுமில்லை.
எண்கள்: தொடவில்லை.
கழற்றிய பாகங்கள்: அனைத்தும் உரிமையாளரிடம் உள்ளன, வண்டியை விற்றால் உடன் தரப்படும்.

இந்த அட்டையை முதலில் மாட்டிக்கொண்டு வர என் பட்டறையில் வண்டிகள் தயாராக இருக்கின்றன. பிரிவைத் திறந்துவிட்டுத் தெரிவியுங்கள்.

நன்றியுடன்,
பழைய வண்டிப் பட்டறைக்காரன் ஒருவன்